நான் விழுங்கிய இரண்டணா ராணி

நம்மில் எத்தனை பேர் சின்ன வயதில் எதையாவது விழுங்கியிருக்கிறோம், யோசித்துப் பாருங்கள். இப்போது காலையும் ராத்திரியும் கைநிறைய மாத்திரை விழுங்குகிறோமே, அதைச் சொல்லவில்லை. கொய்யா விதை, ஆடிக்கொண்டிருந்த பால்பல், சட்டைப் பொத்தான். விதையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று யாராவது சொல்லிவைக்க, தொப்புளைத் தடவிக்கொண்டே தூங்காமல் கிடந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் விக்டோரியா ராணியை விழுங்கினேன். போன தை மாதம் வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் ஊர் சேவுகம்பட்டிப் பக்கம். அம்மா நிறைமாதமாக இருந்தாள். அவளுக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லாமல் போய்விட்டதால் பிரசவம் எங்கள் வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. முழுப்பரீட்சை லீவு விட்டதும், நான் அம்மாவின் காலைச் சுற்றிக்கொண்டே கிடப்பேன் என்று சொல்லி, அப்பா என்னைத் திண்டுக்கல்லில் அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா.

"பாப்பா பொறந்த மறுநாளே வாரேன் தாயி. நீதான் மொதல்ல மடியில வாங்கணும்," என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா பஸ் ஏறினார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த வீட்டில் இருந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் அத்தையை நச்சரித்து ஒரு ரோஸ் நிறக் கிலுகிலுப்பை வாங்கி, என் துணிப்பையில் பாவாடைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கு நான்தான் பெரிய மனுஷி என்று ஒரு நினைப்பு.

அத்தை வீடு ஒரு ஒடுக்கமான சந்துக்குள் இருந்தது. ஓடு வேய்ந்த மூன்று அறை, பின்னால் கொல்லை. நடு அறையின் கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுச் சுவரும், தலையைச் சாய்த்தால் மலைக்கோட்டைப் பாறையில் ஒரு துண்டும் தெரியும். காற்று ஒரு பக்கம் திரும்பினால் தோல் பதனிடும் வாடை. இன்னொரு பக்கம் திரும்பினால் வெங்காயம். மாமாவுக்கு வெங்காய மண்டியில் கணக்கெழுதும் வேலை. சட்டையை உதறினால் வெங்காயச் சருகு பறக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வேறு ஆள். சீயக்காய் போட்டுக் கையை முழங்கை வரைக்கும் கழுவுவார். நகத்தை ஈர்க்குச்சியால் சுத்தம் செய்வார். பிறகு ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறப்பார். உள்ளே மெல்லிய தாளில் சுற்றிச் சுற்றி வெள்ளிக் காசுகள். கால் ரூபாய், இரண்டணா. பெரிய காசு எதுவும் கிடையாது. ஊர் உலகமே வெள்ளி ரூபாயைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தபோது மாமா சில்லறையைச் சேர்த்தார். அத்தை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"ஆனை வாங்க வக்கில்லாதவன் ஆனச் சாணிய வாங்கி வச்ச கதையா இருக்கு."

மாமா காசை விளிம்பில் மட்டும் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டுவார்.

டின்னில் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு இரண்டணா இருந்தது. என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அறுபத்திரண்டு என்று போட்டிருக்கும். நூறு வருஷத்துக்கு முந்தைய அறுபத்திரண்டு. மற்ற காசெல்லாம் தேய்ந்து மங்கிக் கிடக்க, இது மட்டும் இப்போதுதான் செய்தது போல இருந்தது. ராணியின் முகம் வெண்மையாக, பனி படிந்தது மாதிரி. சுற்றிலும் கண்ணாடி. உண்மையிலேயே கண்ணாடி, குனிந்தால் என் மூக்கு தெரிந்தது. கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது, மாமா ஒரு உடைந்த பேனாப் பெட்டியை வாங்கினாராம். அதற்குள் இருந்ததாம் இது.

"இதுக்கு ப்ரூஃப் காசும்பாங்க," என்றார் மாமா. "அச்சையும் தேச்சு, வெள்ளியையும் தேச்சு, துரைமாருக கண்ணுக்குக் காட்டறதுக்குன்னு அடிக்கிறது. இது கடைக்குப் போனதில்ல. ஒருத்தன் கையும் பட்டதில்ல. ஒரு சொட்டு எச்சி பட்டாக்கூட இந்தக் கண்ணாடி செத்துப்போகும். அப்பறம் எந்தக் கொம்பன் தொடைச்சாலும் திரும்பாது."

நூறு வருஷம் யாரும் தொடாத ஒன்று என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? அவர் அடுத்த காசை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, ராணியின் முகத்துக்கு முன்னால் இருந்த வெற்றுக் கண்ணாடியில் என் கட்டைவிரல் நுனியை வைத்து அழுத்தினேன். எடுத்தபோது ரேகை அப்படியே பதிந்திருந்தது. காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துத் தலைசீவிய கை.

மாமா அடிக்கவில்லை. கத்தவுமில்லை. காசைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை முந்தானையோடு ஓடிவந்து, "குடுங்க, கொஞ்சூண்டு விபூதி போட்டுத் தேச்சுத் தாரேன்," என்றதும்தான் அவருக்கு உயிர் வந்தது.

"தொடாத. தேச்சா இன்னும் கெட்டுப்போகும். பட்டது பட்டதுதான்."

தாளில் சுற்றி டின்னுக்கு அடியில் வைத்தார். அன்று சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. அந்தக் காசைப் பார்க்கவென்று மதுரையிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது என்று அத்தை முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மத்தியானம் எங்கள் ஊர் பால்காரர் வந்தார். வாசலில் சைக்கிள் நிற்பதைப் பார்த்ததுமே நான் ஓடினேன்.

"பாப்பா பொறந்துருச்சா?"

"பொறந்துருச்சு தாயி. தம்பிப் பாப்பா."

நான் சந்து முழுக்கக் குதித்தேன். எதிர்வீட்டு நர்ஸ் அக்காவிடம் சொன்னேன், தண்ணீர்க் குடத்தோடு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். திரும்பி வந்தபோது பால்காரரும் மாமாவும் அத்தையும் அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பெரியவர்கள் அப்படி நிறுத்துவது சகஜம்தானே, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பைக்குள் எல்லாவற்றையும் அடுக்கி, கிலுகிலுப்பையை மேலே வைத்தேன்.

"நாளைக்குப் போவோமா அத்தை?"

"போவோம், போவோம்," என்றாள் அத்தை. முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமையே இல்லை. இருந்தும் சாயங்காலம் மாமா கையைக் கழுவிவிட்டு டின்னை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல் வைத்த நாளிலிருந்து என்னை டின் இருக்கும் பக்கமே அண்டவிடாத மனிதர், ஒவ்வொரு காசாக எடுத்துக் கதை சொன்னார். கேட்டுக்கொண்டே அங்கேயே தூங்கிப்போனேன்.

காலையில் கண் விழித்தபோது, எதிரே மாமா வெறும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராணியக் காணோம்."

அத்தை என் வாயைப் பிளந்து பார்த்தாள். பாயை உதறினாள். இடுப்பில் கைவைத்து நின்று தீர்ப்புச் சொன்னாள். "முழுங்கிட்டா."

எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்தது, ஒளிப்பானேன். எதையாவது வாயில் ஒதுக்கிக்கொண்டால்தான் தூக்கம் வரும். புளியங்கொட்டை, பொத்தான், ஒருமுறை அம்மாவின் கம்மல் திருகு. அது ஊரறிந்த விஷயம். ஆகவே எனக்கே சந்தேகம் வரவில்லை. அத்தை சொன்ன அந்த நொடியிலேயே ஏதோ நாக்கில் கைத்து, தொண்டையில் உரசிக்கொண்டு இறங்கிய ஞாபகம் வந்துவிட்டது. சத்தியமாக வந்தது.

"ஊருக்குப் போகணும் அத்தை. பாப்பா..."

"போறதாவது! பஸ்ஸு குலுக்கற குலுக்குல காசு குறுக்க திரும்பிக்கிட்டா? கொடல அறுத்துப் போட்ரும். அது வெளிய வர்ற மட்டும் நீ அசையப்பிடாது."

இப்படித்தான் நடு அறைக்குள் அடைபட்டேன். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது. சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு தலைமாட்டில் தொங்கியது. காலையில் பழம், மத்தியானம் பழம், ராத்திரி விளக்கெண்ணெய். ஊரே தேடி வாங்குகிற பழம் அது. தோல் சுருங்கச் சுருங்க இனிக்கும். அந்தக் கோடைக்குப் பிறகு இன்றுவரை நான் அதைத் தொட்டதில்லை. வாசனை வந்தாலே அந்த அறையின் புழுக்கம் மூக்கில் ஏறிக்கொள்ளும்.

காலைக்கடன் கொல்லையில் ஒரு ஓட்டுச்சட்டியில். பக்கத்திலேயே அத்தை வேப்பங்குச்சியோடு நிற்பாள். வெட்கத்தில் எனக்கு வரவேண்டியதும் வராது. வந்தால் அவள் கிளறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். மாமா மண்டியிலிருந்து திரும்பியதும், சட்டையைக் கழற்றும் முன்னால் ஒரே கேள்விதான். "ராணி வந்தாகளா?"

"வரல," என்பேன், ஏதோ நானே பிடித்து வைத்திருப்பது போலக் குற்ற உணர்ச்சியோடு.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அந்த மலைத் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்கும். ஒவ்வொரு ஹாரனும் எங்கள் ஊருக்குப் போகும் வத்தலக்குண்டு பஸ் என்று நினைத்துக்கொள்வேன். நான் அறைக்குள், ராணி எனக்குள். அவளும் இப்படித்தான் இருட்டில் புழுங்கிக்கொண்டு, எப்போது விடுவார்கள் என்று காத்திருப்பாள் என்று தோன்றும். வயிற்றைத் தட்டி, "சீக்கிரம் வாங்க, எங்க தம்பி காத்துக்கிட்டிருக்கான்," என்று அவளிடம் கெஞ்சியிருக்கிறேன்.

எதிர்வீட்டு நர்ஸ் அக்கா ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார். "என்னக்கா இது அநியாயம்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிட்டுப் போகுது!" அத்தை அவர் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. திரும்பி வந்த நர்ஸ் அக்காவின் முகம் வேறாக இருந்தது. என் தலையைத் தடவிவிட்டு ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். எக்ஸ்ரேக்கும் அடங்காத நிலைமைக்கு நான் போய்விட்டேன் என்று புரிந்துகொண்டேன். இன்னொரு நாள் அத்தை, கோயிலுக்குப் போவதாகச் சொல்லி என்னை அவரிடம் ஒப்படைத்துவிட்டு விடிந்ததும் போனவள் இருட்டித்தான் வந்தாள். கையில் பிரசாதம் எதுவும் இல்லை.

அப்புறம் அப்பா வந்தார்.

ஜன்னல் வழியாகத்தான் முதலில் பார்த்தேன். சந்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது. சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. நடு அறை வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. அப்பா அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. மாமாவின் காசுக்காக அழுகிறார், என்னால் அவருக்கு இந்த அவமானம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன்.

"அழாதீங்கப்பா. நெறையப் பழம் திங்கிறேன். காசு வந்துரும்பா."

அவர் என்னை இழுத்து இறுக்கிக்கொண்டார். எலும்பு வலித்தது. இத்தனை இறுக்கினால் காசு குறுக்கே திரும்பிக்கொள்ளுமே என்று பயந்தேன். "தம்பியப் பாக்கணும்பா," என்று சொன்னதும் கையை விட்டார். எழுந்து கொல்லைப் பக்கம் போனார். போனவர் பின்வாசல் வழியாகவே வெளியேறிவிட்டார் என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, அத்தை கொல்லையிலிருந்து கத்தினாள். "வந்துருச்சு! ராணி வந்துட்டா!" ஒரு இலையில் சாம்பலோடு ஏதோ வட்டமாக இருந்தது. "கிட்ட வராத, நாறுது," என்று தூரத்திலேயே காட்டிவிட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். மாமா அன்று என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பையைச் சுமந்துகொண்டு வந்தார்.

வீட்டில் தூளி கட்டும் கயிறு உத்தரத்தில் தொங்கியது. சேலை இல்லை. அம்மா சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. நான் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே உள்ளே ஓடினேன். அந்தச் சத்தம் கேட்டு அம்மா திரும்பிய திரும்பல் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

"பாப்பா சாமிக்கிட்டப் போயிருச்சு," என்றார் அப்பா. அதற்கு மேல் எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும், என்றைக்கும், ஒரு வார்த்தை பேசவில்லை. கிலுகிலுப்பை எங்கே போனதென்று தெரியவில்லை.

மற்றதை நானாகக் கூட்டிக்கொண்டேன். காசை விழுங்கியிருக்காவிட்டால் தம்பியைப் பார்த்திருப்பேன். மடியில் வாங்கியிருப்பேன். என் வாய்க் கொழுப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒருவேளை நான் போய்த் தூக்கியிருந்தால் அவன் இருந்திருப்பானோ என்றுகூட, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும், தலைப்பிள்ளையை மடியில் வாங்கிய அன்றும் நினைத்தேன். என் பேரப்பிள்ளைகள் எதையாவது வாயில் வைத்தால் பட்டென்று கையில் அடித்துவிடுவேன். மருமகளுக்கு என்மேல் கோபம். நான் யாரிடம் போய் இதைச் சொல்ல?

போன தையில் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். அதே சந்து, அதே வீடு. மாமா போய்ப் பல வருஷமாகிவிட்டது. அப்பா, அம்மாவும் இல்லை. அத்தைக்குக் கண் மங்கல், காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. கிளம்பும் நேரத்தில் பீரோவிலிருந்து ஒரு சின்னத் தாள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"மத்தத எல்லாம் கடைசிக் காலத்துல அவரே வித்துப்புட்டாரு. இத மட்டும் ஒனக்குன்னு வச்சிருந்தாரு. தன் காலத்துக்கப்பறம் குடுன்னாரு. இன்னும் தள்ளிப்போட்டு நான் எங்க வச்சேன்னு மறந்து போயிட்டா?"

பிரித்தேன். இரண்டணா. எனக்குக் கண்புரை எடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது; எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ராணியின் முகத்தில் அதே பனி. சுற்றிலும் அதே கண்ணாடி, என் கிழட்டு மூக்கு தெரிந்தது. முகத்துக்கு முன்னால் இருந்த வெறும் இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை. வளைவு வளைவாக, ஒரு கோடு விடாமல்.

ஒரு சொட்டு எச்சில் பட்டால் செத்துப்போகும் என்று மாமா சொன்ன கண்ணாடி. அது ஏழு வயதுப் பிள்ளையின் வயிற்றுக்குள் கிடந்து, விளக்கெண்ணெயில் ஊறி, சாம்பலில் புரண்டு வந்ததா?

கிளம்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அத்தை. இந்தக் காசு என் வயித்துக்குள்ள போகவே இல்ல. இல்லயா?"

அத்தை வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இல்லத்தா. அன்னிக்கு இலையில காட்டுனது உண்டியல்ல கெடந்த தேஞ்ச ரெண்டணா. புள்ள நீலம் பாரிச்சுப் பொறந்துச்சு. தங்காதுன்னு அன்னிக்கே சொல்லிப்புட்டாக. நீ மூத்தவ, ஆசையா இருக்கவ, அதப் பாத்து ஏங்கிப்போயிருவன்னு ஒங்கப்பன்தான் பால்காரருகிட்டச் சொல்லிவிட்டான், எப்படியாச்சும் நிறுத்தி வைங்கன்னு. ஒன்ன எப்படி நிறுத்துறது? பைய வேற கட்டி வச்சுட்ட. ஒங்க மாமாதான் சொன்னாரு, ராணியச் சொல்லுவோம், அதுக்குத்தான் புள்ள கட்டுப்படும்னு."

"அப்பா வந்தாங்களே..."

"அன்னிக்குத்தான் அது போச்சு. பொதச்சுட்டு நேரா ஒன்னப் பாக்கத்தான் வந்தான்."

காசு வந்துரும்பா என்று நான் சொன்னது அந்த மனிதரிடம். அவரும் கேட்டுக்கொண்டு போனார். கடைசிவரை, நீ எதையும் விழுங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லதைத்தான் நினைத்தார்கள், எனக்குத் தெரிகிறது. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. இறந்துபோனவர்கள்மேல், இந்த வயதில், அப்படி ஒரு கோபம் வந்தது.

"அப்ப நான் இந்த ரூமுக்குள்ள கெடந்தப்ப எல்லாம் அவன் உசிரோட இருந்தானா?"

"இருந்தான்."

"நீங்க பாத்தீகளா?"

"ஒரு நா போயிட்டு வந்தேன். ஒன்ன நர்ஸ் புள்ளகிட்ட விட்டுட்டு."

"எப்படி இருந்தான்?"

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே இப்போது மாடி எழும்பி, மலை தெரியவில்லை.

"ஒன்னய மாதிரித்தான். அம்புட்டுச் சின்ன விரலு. அத வாயில வச்சுக்கிட்டே தூங்குச்சு. எடுத்தா அழுகும்."

உள்ளங்கையிலிருந்த காசைப் பார்த்தேன். பிறகு அதை எடுத்து, நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக எந்த எச்சிலும் படாத அந்த ராணியை எடுத்து, வாய்க்குள் போட்டுக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. இத்தனை காலமும் எனக்கு ஞாபகமிருந்த ருசி அதில் இல்லை.

"ஏய்! என்னடி பண்ற, கிறுக்கு முண்ட!" அத்தை தட்டுத்தடுமாறி எழுந்து என் தாடையைப் பிடித்தாள். "துப்புடி! முழுங்கித் தொலைச்சிராத. பஸ்ஸுல வேற போகணும் நீ!"